மூன்றாவது மூட்டை

செப்டம்பர் 4, 2023. திங்கள்

அலுவலகத்தைத் திறப்பதற்குள் வாசலில் பதினோரு பேர். நாலு வாரிசுச் சான்று, மூன்று பட்டா மாறுதல், மீதி எல்லாம் முதியோர் உதவித்தொகை. ஒரு மணிக்குள் அத்தனையும் முடித்தேன். கரட்டுக்குளத்துக்குக் கிராம நிர்வாக அலுவலராக வந்த ஐந்து வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக மேஜை காலியான திங்கள்கிழமை இதுதான்.

மத்தியானம் ஓடைமேடு காவல் நிலையத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து சம்மன் கொடுத்தார். போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் இருபதாம் தேதி ஆஜராக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையடிச் சோதனைச் சாவடியில் பிடித்த கஞ்சா வழக்கு. நான் மகஜர் சாட்சி. போலீஸ் சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது கூட இருந்து பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போடும் வேலை. வி.ஏ.ஓ.க்களுக்கு இது வழக்கம்தான்.

கிராம உதவியாளர் பேச்சிமுத்து அண்ணன், “கோர்ட்டுக்குப் பின்னாடி ஒரு மெஸ் இருக்கு மேடம். அயிரை மீன் குழம்பு பிரமாதம்” என்றார். குறித்துக்கொண்டேன்.

இரண்டு மூட்டை, இருபத்து நாலு கிலோ, ஒரு ஆள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

செப்டம்பர் 6, புதன்

பயிர்க் கணக்கெடுப்பு. நாற்பத்தாறு வயல். செல்போனில் படம் எடுத்து ஏற்றி முடிப்பதற்குள் சார்ஜ் போய்விட்டது. வரப்பில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றேன்.

செப்டம்பர் 9, சனி

இன்ஸ்பெக்டர் சவுந்தரபாண்டியன் பேசினார். அப்போது ஓடைமேட்டில் எஸ்.ஐ.யாக இருந்தவர், இப்போது பதவி உயர்ந்துவிட்டார். குரல் அப்படியே இருக்கிறது.

“அரசி மேடம், நல்லா இருக்கீங்களா? பாப்பா பிளஸ் டூவா? காலம் ஓடுது பாருங்க. மகஜர் நகல் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். ஒரு தடவை படிச்சுட்டுப் போயிருங்க. நேரம், இடம் மட்டும் மாறாம சொன்னாப் போதும்.”

“சரிங்க சார்.”

நகலைப் படித்தேன். ‘18.11.2021 மாலை 4.10 மணிக்கு, மலையடிச் சோதனைச் சாவடியில், சாட்சிகள் முன்னிலையில்’ என்று ஆரம்பிக்கிறது. மழையில் வந்த பிக்கப் வண்டியை நிறுத்தியதாகவும், டிரைவர் குதித்துக் காட்டுக்குள் ஓடிவிட்டதாகவும், பக்கத்து இருக்கையில் இருந்த தவசிலிங்கம் என்பவரின் காலடியில் இரண்டு மூட்டை இருந்ததாகவும், ‘இதில் கஞ்சா இருக்கிறது’ என்று அவரே சாட்சிகள் கேட்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து. அழகாகத்தான் போட்டிருக்கிறேன்.

வருஷா வருஷம் உரக்கடைக்காரர் கொடுக்கும் டைரியில்தான் எழுதுகிறேன். பழையவை பரணில் கிடக்கின்றன. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

இலக்கியா ஸ்கூட்டியில் முதல் தடவையாக வளைவில் கால் ஊன்றாமல் திரும்பினாள். நானும் அவள் அப்பாவும் கை தட்டினோம்.

செப்டம்பர் 13, புதன்

தாலுகா கூட்டம் முடிந்ததும், வரச் சொல்லியிருந்ததால் அரசு வழக்கறிஞர் கோதண்டபாணியைப் போய்ப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். மேஜை முழுக்க வழக்குக் கட்டுகள். காப்பி வரவழைத்தார். நல்ல காப்பி.

“இந்த மாதிரி கேஸ்ல மூணு சங்கதியை நான் நிரூபிக்கணும்மா” என்று விரலை மடக்கினார். “ஒண்ணு, பிடிச்சது கஞ்சாதானா. அதை ஆய்வகம் சொல்லிருச்சு. ரெண்டு, எடை. இருபது கிலோவுக்கு மேல போனா வணிக அளவு. குறைஞ்சது பத்து வருஷம் தண்டனை, அதுக்குக் கீழ கொடுக்க ஜட்ஜுக்கே அதிகாரம் கிடையாது. ஜாமீனும் லேசுல கிடைக்காது. அதான் ஆளு இன்னும் உள்ளேயே இருக்கான்.”

“மூணாவது?”

“மூணாவதுதான் நீங்க. அது அவன் வசம் இருந்துச்சா, என்னன்னு தெரிஞ்சே வெச்சிருந்தானா? வசம் இருந்துச்சுன்னு காட்டிட்டா, தெரிஞ்சுதான் வெச்சிருந்தான்னு கோர்ட்டே எடுத்துக்கும். தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டியது அப்புறம் அவன் பொறுப்பு. மத்த கேஸ்ல எல்லாம் அரசாங்கம்தான் கடைசி வரைக்கும் சுமக்கணும். இதுல பாதி வழியில அவன் தலைக்கு மாறிடும்.”

“ஒரு ஆள் தனக்குத் தெரியாதுன்னு எப்படி சார் நிரூபிப்பான்?”

“கஷ்டம்தான்” என்று சிரித்தார். “அதுக்காகத்தான் மகஜர் சாட்சி. கண்ணால பார்த்த ஒரு ஆளு. போலீஸ்காரனா இல்லாத ஆளு. இந்தக் கேஸ்ல இன்னொரு சாட்சி செத்துப்போயிட்டார். நீங்க ஒருத்தர்தான். நடந்ததைச் சொல்லுங்க, போதும்.”

நடந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னார். எழுதியிருப்பதைச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. நல்ல மனிதர்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

செப்டம்பர் 18, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை ஒன்றுகூட வெடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மூன்று தடவை பக்குவம் கேட்டாள்.

செப்டம்பர் 20, புதன்

நீதிபதி இன்று விடுப்பு. அது தெரியாமல் எல்லோரும் காலையிலிருந்து காத்திருந்தோம்.

வராந்தா பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு டிபன் டப்பா. நான் மெஸ்ஸுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளாகவே டப்பா மூடியில் புளியோதரையை வைத்து நீட்டினாள்.

“சாப்பிடுங்கக்கா. இங்க எப்பக் கூப்பிடுவாகன்னு யாருக்குத் தெரியும். நெறய கொண்டாந்திருக்கேன். அவுகளுக்குக் கொடுக்க விட மாட்டேன்னுட்டாக.”

புளிக்காய்ச்சல் அருமையாக இருந்தது. சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பெயர் செண்பகவல்லி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

“எங்க வீட்டுக்காரர் நைட்டி யாவாரம்க்கா. மலை மேல எஸ்டேட் லைன்ல வீடு வீடாப் போயி விப்பாக. அன்னைக்கு மழையில பஸ் வரலன்னு ஒரு வண்டியில கைகாட்டி ஏறியிருக்காக. வண்டியில கஞ்சா இருந்திருக்கு. ஓட்டினவன் ஓடிட்டான். இவுக ஓடல. எதுக்கு ஓடணும்னு உக்காந்திருக்காக.”

அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

“முப்பத்தெட்டு நைட்டி இருந்த மூட்டைக்கா. நான்தான் எண்ணிக் கட்டிவிட்டேன். அது எங்க போச்சுன்னே தெரியல. அந்த மூட்டை ஒண்ணு போதும், இவுக யாவாரத்துக்குத்தான் போனாகன்னு காட்டிரலாம்னு வக்கீலம்மா சொல்லுதாக. ஆனா போலீஸ் எழுதின காகிதத்துல அது இல்ல. காகிதத்துல இல்லன்னா இல்லைதானாம்.”

அப்போதுதான் டவாலி வெளியே வந்து ஒவ்வொரு வழக்காகத் தேதி சொல்ல ஆரம்பித்தார். “ஓடைமேடு கஞ்சா கேஸு! சாட்சி கரட்டுக்குளம் வி.ஏ.ஓ. மங்கையர்க்கரசி!”

எழுந்து, “இருக்கேன்” என்றேன். அக்டோபர் நாலாம் தேதி என்றார்.

திரும்பினால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்கதானா அது” என்றாள். சத்தம் போடவில்லை. டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். மூடியும் அதிலிருந்த பாதிச் சோறும் என் கையிலேயே இருந்தன. சாப்பிட்டு முடித்தேன். வீணாக்கக் கூடாது. மூடியைக் கழுவி அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

மெஸ்ஸுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

அடங்கல் பதிவேட்டில் பயிர்க் கணக்கு எழுதினேன். ஏன் பேசவே மாட்டேன் என்கிறாய் என்று இலக்கியா கேட்டாள். பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பரணைச் சுத்தம் செய்தேன். ஆயுத பூஜைக்கு எப்படியும் செய்யத்தான் வேண்டும். 2021 டைரி கைக்கு வந்தது.

‘நவம்பர் 18, வியாழன். விடாத மழை. காலனியில் ஒன்பது வீடு இடிந்திருக்கிறது. நாலு மணிக்குப் பொன்னுத்தாய் வீட்டுச் சுவர் அளந்தேன். படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தரைக்கு ஓடைமேடு எஸ்.ஐ. போன். ஆறரைக்கு ஸ்டேஷன் போனேன். கஞ்சா. கையெழுத்து. ஏழரைக்கு வீடு. இலக்கியா பிறந்தநாள். பட்டர்ஸ்காட்ச் கேக். மூன்று பேரும் மூக்கில் கிரீம் பூசிக்கொண்டோம்.’

நாலு பத்துக்கு நான் சோதனைச் சாவடியில் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, நாடாவைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றிருக்கிறேன். இது எனக்குத் தெரியாமல் இல்லை.

டைரியில் எழுதாமல் விட்டதை இன்றைக்கு எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் மூன்று மூட்டை இருந்தன. இரண்டைத் தராசில் வைத்தார்கள். இருபத்து நாலு கிலோ, அது நிஜம், நான் பார்த்தேன். மூன்றாவது சுவரோரமாகக் கிடந்தது. ஒரு கான்ஸ்டபிள் அதைப் பிரித்து ஒரு நைட்டியை வெளியே இழுத்து, “சார், லேடீஸ் ஐட்டம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்பது நினைவில்லை. நீலத்தில் வெள்ளைப் பூ போட்ட நைட்டி.

தரையில் ஈரச் சட்டையோடு ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “அம்மா, நீங்க ஆபீசருங்களா? அந்தத் துணி மூட்டை மட்டுந்தாம்மா என்னுது. மத்தது வண்டியில ஏற்கெனவே கெடந்துச்சு. அதையும் எழுதச் சொல்லுங்கம்மா” என்றார்.

எஸ்.ஐ.யிடம் கேட்டேன். “அந்த மூட்டை?”

“அது கேசுக்குத் தேவையில்ல மேடம்.”

மணி ஏழு ஆகப் போகிறது. கேக் கடை எட்டு மணிக்கு மூடிவிடுவான். ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

செப்டம்பர் 25, திங்கள்

அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். எதையும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். இரண்டு தடவை கேட்டார்.

“பதவி உயர்வுப் பட்டியல் எப்ப வருது?”

“டிசம்பர்ல.”

“அப்ப இப்ப எதுக்கு இதைக் கிளர்ற? பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதிக் கொடுத்ததா நீயே கோர்ட்ல சொன்னா, உன்னைச் சும்மா விடுவாங்களா? எழுதியிருக்கறதைச் சொல்லிட்டு வந்துரு அரசி. அந்தாளு நிஜமாவே கஞ்சாக்காரனா இருந்தா?”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது.”

“பின்னே?”

“எனக்குத் தெரியாதுங்கறதுதாங்க விஷயம். தெரியும்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்.”

எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். தொட்டி நிரம்பி வழியும் வரை அங்கேயே நின்றார்.

செப்டம்பர் 29, வெள்ளி

அரசு வழக்கறிஞருக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிட்டேன். கூண்டில் ஏறித் திடீரென்று சொன்னால் அவருக்குச் சங்கடம். “உங்களைப் பிறழ் சாட்சின்னு அறிவிச்சு நானே குறுக்கு விசாரணை பண்ணுவேன்மா. கடுமையாத்தான் கேட்பேன். கோவிச்சுக்கக் கூடாது” என்றார்.

“கேளுங்க சார்” என்றேன்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் பேசினார். இந்தத் தடவை பாப்பாவைப் பற்றி விசாரிக்கவில்லை. “மாத்திச் சொன்னா கேஸ் உங்க மேலதான் திரும்பும் மேடம். அதையும் யோசிச்சுக்கங்க.”

யோசித்தேன். பிறகு தோசைக்கு அரைத்தேன். மாவு நன்றாகப் பொங்கி வந்திருக்கிறது.

அக்டோபர் 4, புதன்

வீட்டுக்காரர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து பைக்கை எடுத்தார். “பஸ்ல போயிட்டு முதுகு வலிக்குதும்பே” என்றார். வழி முழுக்க ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் மெதுவாகத்தான் ஓட்டினார்.

பதினொன்றரைக்குக் கூண்டில் ஏறினேன். எதிர்ப்பக்கம் தவசிலிங்கம் நின்றார். என்னால் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. மெலிந்து, முன்தலை முழுக்க நரைத்திருந்தது.

கோதண்டபாணி மகஜரைக் காட்டினார். “இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“எங்கே போட்டீர்கள்?”

“ஓடைமேடு காவல் நிலையத்தில். மாலை ஏழு மணிக்கு.”

“சோதனைச் சாவடியில் 4.10 மணிக்கு எதிரி தவசிலிங்கத்தைச் சோதனையிட்டதைப் பார்த்தீர்களா?”

“இல்லை. அப்போது காலனியில் இடிந்த வீடுகளை அளந்துகொண்டிருந்தேன்.”

சொன்னபடியே பிறழ் சாட்சி என்று அறிவித்தார். சொன்னபடியே கடுமையாகக் கேட்டார். எதிரியின் குடும்பத்தைத் தெரியுமா, நீதிமன்ற வராந்தாவில் எதிரியின் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? சாப்பிட்டேன், அவர் யார் என்று தெரியாமல், என்றேன். எதிரியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறீர்களா?

“பொய் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. இப்போது சொல்வது பொய் இல்லை.”

பிறகு சட்ட உதவி மையம் ஏற்பாடு செய்த வழக்கறிஞர் அருள்செல்வி எழுந்தாள். சின்னப் பெண். நிலையத்தில் எத்தனை மூட்டை இருந்தது என்று கேட்டாள். மூன்று என்றேன். மூன்றாவதில் என்ன? நைட்டிகள். எப்படித் தெரியும்? பிரித்தார்கள், பார்த்தேன். எதிரி உங்களிடம் ஏதாவது சொன்னாரா? சொன்னதைச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல். வீட்டுச் சேத அறிக்கையும் 4.06 என்று நேரம் பதிந்த படமும் என் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன என்றேன். கொண்டுவந்திருந்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு அரசு ஊழியர். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?”

யோசித்து வைத்திருந்த பதில்கள் இருந்தன. போலீஸ் அவசரப்படுத்தினார்கள், நடைமுறை அப்படித்தான், வேலைப்பளு.

“வீட்டுக்குப் போக அவசரம் ஐயா. மகள் பிறந்தநாள்” என்றேன்.

அதை அப்படியே தட்டச்சு செய்தார்கள். மெஷின் சத்தம் நின்றதும், இறங்கலாம் என்றார்.

வெளியே அவர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “முடிஞ்சுதா?” என்றார். தலையாட்டினேன். அந்த மெஸ்ஸுக்குப் போனோம். அயிரை மீன் உண்மையிலேயே பிரமாதம். இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன்.

அக்டோபர் 5, வியாழன்

பொன்னுத்தாய் வாசலில் நின்றாள். புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கச் சான்று வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

தாசில்தார் கூப்பிட்டார். சாட்சியத்தின் நகல் மேலே போயிருக்கிறது. பட்டியலில் என் பெயர் இருக்காது என்றார். “நீங்க செஞ்சது சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன் அரசி. எனக்கே சொல்லத் தெரியல.” டீ கொடுத்தார்.

எனக்கு அடுத்த இடத்தில் இருந்த தேனம்மை மேலே வருவாள். நல்ல வேலைக்காரி. போன் செய்து வாழ்த்தினேன்.

நவம்பர் 18, சனி

இலக்கியாவுக்குப் பதினேழு. கேக் வேண்டாம், பிரியாணி போதும் என்றாள். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்தார்கள். கொஞ்சம் குழைந்துவிட்டது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 29, புதன்

தீர்ப்பு. நான் போக வேண்டிய அவசியம் இல்லை. போனேன்.

நீதிபதி வாசித்ததில் எனக்குப் புரிந்தது இது. கைப்பற்றியது கஞ்சா என்பது நிரூபணம். வணிக அளவு என்பதும் நிரூபணம். ஆனால் அது எதிரியின் வசம் இருந்தது என்பதைக் காட்ட, அந்த நேரத்தில் அங்கே இல்லாத ஒருவரின் கையெழுத்தைத் தவிர நம்பத்தக்க சான்று இல்லை. எதிரியின் சொந்த உடைமை ஒன்று மகஜரிலிருந்து விடுபட்டிருக்கிறது, அதற்கு விளக்கம் தரப்படவில்லை. வசம் நிரூபிக்கப்படாத இடத்தில், தெரிந்தே வைத்திருந்தார் என்ற அனுமானம் எழாது. விடுதலை.

செண்பகவல்லி நீதிபதி எழுந்து உள்ளே போன பிறகும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

சிறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே விடுவார்களாம். இரண்டு காவலர்களோடு தவசிலிங்கம் வராந்தாவில் வந்தார். என்னைத் தாண்டிப் போனவர் நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ‘அதெல்லாம் வேண்டாம்’ என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரிடம், கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்பது மாதிரி.

“ஆமா” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்தார். செண்பகவல்லி பின்னாலேயே ஓடினாள். போகிற போக்கில் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். அல்லது கூட்டத்தில் பட்டிருக்கலாம்.

டிசம்பர் 11, திங்கள்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. நேரில் பார்க்காத கைப்பற்றுதலைப் பார்த்ததாகக் கையொப்பமிட்டு, அரசு ஊழியருக்கு உரிய நேர்மையிலிருந்து தவறியது. பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். சங்கத்துக்காரர்கள், “ஆறு பக்கம் வர்ற மாதிரி எழுதிக் கொடுங்க மேடம், எங்ககிட்ட மாதிரிப் படிவம் இருக்கு, அனுப்புறோம்” என்றார்கள்.

காலையில் வெயில் நன்றாக அடித்தது. வடகம் போட்டுவிட்டு அலுவலகம் போனேன். ஒன்பது சான்று. மத்தியானம் ஒரு நிலத் தகராறு, அண்ணன் தம்பி இருவரையும் வரப்பிலேயே நிற்க வைத்துச் சங்கிலி பிடித்து அளந்து காட்டினேன். இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை. அப்படியானால் அளவு சரியாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் வந்து விளக்கத்தை எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார்.

‘குற்றச்சாட்டை ஏற்கிறேன். நான் பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டேன்.’

“ரெண்டு வரிதானா?” என்றார்.

“இதை எழுத ரெண்டு வருஷம் ஆயிருக்குங்க.”

காகிதத்தை மடித்து உறையில் போட்டு, ஓரத்தை அவரே ஒட்டினார். இலக்கியா மாடியிலிருந்து, வடகத்தைக் காக்கா கொத்துகிறது என்று கத்தினாள். மேலே ஓடினேன்.